ஏரிக்கரை வளைவு, மூன்றாவது கியர்

அன்புள்ள கன்ட்ரோல் ரூமுக்கு,

வாத்தியார் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் என்றால் நீ உடனே கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் பாதி நலம் என்று வைத்துக்கொள். புது ஊரில் உனக்குத் தங்கும் அறையும் சாப்பாடும் ஷிஃப்ட் நேரமும் ஒத்துவந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னிடமும் ஆம்புலன்ஸ் டிரைவர்களிடம் பேசுகிற மாதிரியே பேசுகிறாய். சொல்லுங்க, சரி, வேற? அதோடு கட். அந்த "வேற?"வுக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுவதை நானே சரிசெய்தேன். இப்போது இன்னும் நன்றாக ஒழுகுகிறது. மாடி வீட்டு வக்கீல் தினமும் உன்னை விசாரிக்கிறார், அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று கீழே எழுதுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒரு பல் டாக்டர் சேர்ந்திருக்கிறார். கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விடுகிறார். என் வலது கால் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

சாம்பல் கார் வாசலில் நிற்கிறது. ஏறினால் ஓடுகிறது, மிதித்தால் நிற்கிறது, கியர் தானே விழுகிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை, நிறை சொல்லவும் ஒன்றும் இல்லை. உனக்கென்று நான் வாங்கிய அந்தக் காரின் ஸ்டியரிங்கில் உன் கை ஒருநாளும் பட்டதில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்றுகூட பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில்தான் ஏறினாய். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் அசடு வழிய நின்றேன்.

போன வாரம் இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடி உன் மேஜை டிராயரைத் திறந்தேன். பழுப்பு அட்டை நோட்டு கிடைத்தது. திறந்திருக்கக் கூடாதுதான், ஆனாலும் திறந்துவிட்டேன்.

நாலு கார்களைப் பற்றி எழுதியிருந்தாய். எடை எவ்வளவு, இன்ஜினுக்கு எவ்வளவு பலம், கியர் குச்சி சின்னதாக அசைந்தால் போதுமா, வளைவில் ஸ்டியரிங் கைக்குச் சேதி சொல்கிறதா, டயர் மாற்ற என்ன செலவு. டியூட்டி முடிந்து ஒவ்வொரு ஷோரூமாகத் தனியாகப் போயிருக்கிறாய். முப்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் வீட்டிலேயே இருக்கிறேன், என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று முதலில் கோபம் வந்தது. பிறகு ஞாபகம் வந்தது, நீ கேட்டாய். ஒரு நாள் சாப்பிடும்போது, இருபத்திரண்டு வருஷமா ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம் நாற்காலியில உட்கார்ந்து, பாலம் ஏறாதே, லெஃப்ட் எடுன்னு ஊரையே ஓட விட்டுட்டேன், இனிமே நான் ஓட்டணும், ஓட்டும்போது எனக்கே சிரிப்பு வரணும், அதுக்கு எந்தக் கார் நல்லது என்று கேட்டாய். ஐம்பது வயசுல ரேஸுக்குப் போறியா என்று நான்தான் கிண்டல் செய்தேன். அப்புறம் நீ கேட்கவில்லை.

அந்த நாலில் நீ வட்டம் போட்டு வைத்திருந்தது அந்தச் சின்னச் சிவப்புக் காரை. தக்காளி என்று பேர் வைத்தாயே, அதை. நாலிலும் விலை குறைவானதும் அதுதான், துள்ளலும் அதில்தான் அதிகம் என்று எழுதியிருந்தாய். ஷோரூமுக்கு நான் உன்னோடு வந்த அன்று முதல் வேலையாக அதன் பின் சீட்டில் உட்கார்ந்து, முட்டி இடிக்குது, இதுல மனுஷன் உட்காருவானா என்று சத்தம் போட்டேன். நீ ஓட்டிப் பார்க்கச் சாவியை வாங்கிக்கொண்டாய்.

இனி எழுதப்போவதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் தைரியம் போய்விடும்.

அன்றைக்கு நீ அருமையாக ஓட்டினாய். ஏரிக்கரை வளைவுக்கு முன்னாலேயே கியரை நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கி, காரை அப்படியே உள்ளே விட்டாய். கார் சாயவில்லை, டயர் முனகவில்லை. உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் பார்த்தது. அதை நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என் கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. ஸ்கூல் வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், இங்கே இல்லை. கால் ஏமாந்ததும் கை போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி ஏரிப் பக்கம் திரும்பியது. பின் சீட்டில் கூட வந்த ஷோரூம் அம்மாவின் மூக்குக்கண்ணாடி என் மடியில் வந்து விழுந்தது. நீதான் என் கையைத் தட்டிவிட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, வண்டியை நேராக்கி ஓரத்தில் நிறுத்தினாய்.

அதற்கு நான் என்ன சொன்னேன்? பயப்படாதே, பழகினா வந்துடும் என்றேன். நீ பயப்படவே இல்லை. நடுங்கியது என் கைதான். ஷோரூமுக்குத் திரும்பியதும் அந்த அம்மா, எப்படி இருந்துச்சு மேடம் என்று உன்னைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, இவளுக்கு இது சரிப்படாது, ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு பாருங்க என்றேன். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு நீ வெளியே போய் நின்றாய். நான் சாம்பல் காருக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு விட்டேனா? அன்று சாயங்காலம் வாசலில் வக்கீலிடம், நான் மட்டும் ஹேண்ட்பிரேக் போடலேன்னா ரெண்டு பேரும் ஏரிக்குள்ளதான் சார் என்று பெருமை அடித்தேன். நீ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாய். கேட்டது எனக்குத் தெரியும். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்த வெளியூர் வேலைக்கு மறுநாள் காலையில் சம்மதம் எழுதிக் கொடுத்தாய்.

எனக்கு எல்லாம் அன்றே தெரியும். கைக்குத் தெரிந்தது, வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மறுபடி அந்த ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடி அம்மா என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். தக்காளியை எடுத்து, அதே ஏரிக்கரை, அதே வளைவு, மூன்றாவது கியர். நான் எங்கே பார்த்தேனோ கார் அங்கே போனது. முப்பது வருஷத்தில் நான் பிரேக் மேலேயே காலை வைத்து, காரை நிறுத்தத்தான் ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அன்னைக்கும் இப்படித்தான் சார் போச்சு, நீங்க கையை வைக்கிற வரைக்கும் என்று பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்து நோட்டை மறுபடி எடுத்தேன். முதலில் அவசரத்தில் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அதில் நாலு காருக்கும் டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டு எவ்வளவு பின்னால் போகும் என்று அளந்து எழுதியிருக்கிறாய். தக்காளிக்கு நேரே, "நாலு விரல் கூடுதல், அவர் காலை நீட்டிக்கொள்ளலாம்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு கோடு. எனக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை.

வக்கீலிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். அப்படியா சார் என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். சாம்பல் காரை எங்கள் ஸ்கூலே எடுத்துக்கொள்கிறது, பல் டாக்டருக்கு அதுதான் சரி. தக்காளியை நான் வாங்கவில்லை. உனக்காக முடிவெடுத்தது போதும். வாங்கறவங்க வந்து சொல்லுவாங்க என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மாதக் கடைசி வரை வைத்திருப்பதாகச் சொன்னார்.

உனக்கு மாதக் கடைசியில் மூன்று நாள் லீவு உண்டு என்று தெரியும். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுத மட்டும் வருகிறது. வா. வந்து நீயே பார்த்து, வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். அங்கேயே உன் மனசுக்குப் பிடித்திருந்தால் அதையும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

நீ தக்காளியை எடுத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். என் கையை இன்னும் நான் நம்பவில்லை. அதனால் நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். முட்டி இடிக்கட்டும். முன்னால் வாங்க என்று நீ சொல்கிற வரைக்கும் அங்கேயே இருப்பேன்.

நீ எந்தச் சாலையில் போனாலும் நன்றாகப் போய் நன்றாக வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு,

உன்னிடம் ஃபெயிலான,
வாத்தியார்