அந்த நீள வரி

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

வாலு எழுதுகிறேன். போனில் பேசலாம் என்று நாலு முறை கூப்பிட்டேன். நீங்கள் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

அக்கா போய் இரண்டு மாதம்தான் ஆகிறது, இப்போது கேட்கக் கூடாதுதான். கச்சேரி மேடையைத் தவிர வேறெங்கும் பாடாத அக்கா, என் இசையில் கிதாரும் டிரம்ஸும் வைத்துப் பாடிய ஆல்பத்தில் ஒன்பது பாட்டு முடிந்திருக்கிறது. பத்தாவது பாதியில் நிற்கிறது. வெளியிட உங்கள் கையெழுத்து வேண்டும் என்கிறது நான் வேலை பார்க்கும் கேசட் கம்பெனி. உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். அக்காவுக்குப் பிடித்திருந்தது.

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அன்புடன்,
வாலு

மார்ச் 11

வாலுவுக்கு,

போனை வைத்தது நீதான் என்று எனக்கும் தெரியும். வேறு யார் அப்படி வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள்?

சாப்பிடுகிறேன். உப்புதான் இன்னும் கைக்கு அடங்கவில்லை. கண்ணாடிக் கடையைத் திறந்துவிட்டேன். நேற்று ஒருவருக்கு இடக்கண் பவரை வலக்கண்ணில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மனுஷர் படியில் தடுக்கி, திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காதது உண்மை. "இருபது வருஷமா சேர்த்த பேரை டிரம்முக்குள்ள போட்டு உடைக்கப் போறியா?" என்று கேட்டேன். "உடைஞ்சா உங்க கடையில பசை இருக்கே, ஒட்டிக்கலாம்" என்றாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியுமா? அவள் பாடியது பாடியபடி வரட்டும்.

உன்மேல் ஒரு குறை உண்டு. காரியம் முடிந்த பிறகு நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தான்

ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கு,

குறை நியாயம்தான். அக்கா இல்லாத வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியவில்லை.

பத்துப் பாட்டும் முடிந்தது. "பாதிப் பாட்டை வித்தா ஜனங்க கேலி பண்ணுவாங்கம்மா" என்று கம்பெனி மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன். அட்டையும் அச்சுக்குப் போய்விட்டது. உங்களுக்கு மட்டும் முதல் சி.டி.யை அனுப்புகிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வாலு

ஏப்ரல் 29

வாலுவுக்கு,

கடையில் போட்டுக் கேட்டேன். கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையைப் படிக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். முதல் பாட்டில் டிரம் எனக்கு இரைச்சல்தான். நாலாவதில் அது எங்கே போயிற்று என்று தேடினேன். நான் சொன்னது தப்பு என்று அவளிடம் ஒப்புக்கொள்ள வழியில்லை, உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாவது பாட்டைப் பற்றித்தான் கேட்க வேண்டும். இரண்டாம் பாதியில் அந்த நீள வரியை அவள் ஒரே மூச்சில் பாடுகிறாள். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் அந்த வரியை அவள் வீட்டில் பாடிப் பார்த்ததை ஒரு மாதம் வீட்டை ஒட்டிய கடையிலிருந்து கேட்டவன். நுரையீரல் கெட்டபின் மாடிப்படி ஏறவே மூன்று இடத்தில் நின்றவள். ஒவ்வொரு முறையும் அதே சொல்லில் மூச்சு அறும். "சனியன், வர மாட்டேங்குது" என்று தொடையில் அடித்துக்கொள்வாள். இந்தத் தடவையாவது தாண்டுவாளா என்று லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். தாண்டியதே இல்லை.

செத்த பிறகு அவளுக்கு மூச்சு வந்துவிட்டதா? பாடியது யார்?

அத்தான்

மே 5

அத்தான்,

பாடியது நான். குரல் மட்டும் அக்காவுடையது. அவள் பாடிய ஒன்பது பாட்டையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பழக்கினேன். அது அக்காவின் குரலை எடுத்து என் பாட்டின்மேல் போர்த்திவிட்டது.

மேனேஜர் தலையில் பழியைப் போடலாம். அவர் கேட்டது உண்மைதான். ஆனால் அந்தக் குரல் முதல் முறை ஸ்பீக்கரில் வந்தபோது நான் அழவில்லை, சிரித்தேன். பதினைந்து வருஷம் மேடையில் அவள் பின்னால் உட்கார்ந்து துணைக்குரல் கொடுத்தவள் நான். ஒரு தடவை அக்காவாகவே பாடிவிட்டேன் என்று சந்தோஷம். சங்கீதம் தெரிந்த மூன்று பேர் கேட்டுவிட்டு "ஆஹா" என்றார்கள். கடைசியில் கண்ணாடிக் கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டேன்.

எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் எனக்கு வேலை இருக்காது. பரவாயில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

வாலு

மே 14

வாலுவுக்கு,

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன், வரவில்லை.

உன்னிடம் மறைப்பானேன்? தெரிந்த பிறகும் அந்தப் பாட்டைத் தினமும் போட்டேன். அந்த வரியில் அவள் தாண்டிவிடுகிறாள், எனக்கும் நிம்மதியாக இருந்தது. முந்தாநாள் அந்த இடம் வந்தபோது மெஷினை நிறுத்தாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பயம் வந்தது. தொடையில் அடித்துக்கொண்டவள் எனக்கு மறந்துகொண்டே வருகிறாள். நான் குடும்பம் நடத்தியது அவளோடுதானே?

எடுத்துவிடு. அவள் எங்கே நிறுத்தினாளோ அங்கேயே நிற்கட்டும். உன் வேலையை நினைத்துத்தான் இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று. என்னிடமிருந்த சி.டி.யை உடைத்துவிட்டேன்.

அத்தான்

ஜூலை 2

அன்புள்ள அத்தானுக்கு,

ஆல்பம் வந்துவிட்டது. பத்தாவது பாட்டு, அக்கா விட்ட இடத்தில் டிரம்மோடு சேர்ந்து சட்டென்று நின்றுவிடுகிறது. முதல் வாரம் நாலு பேர் சி.டி. பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்களாம். "சொன்னேனா இல்லையா?" என்றார் மேனேஜர். நினைத்தபடியே அங்கே வேலை போயிற்று. கச்சேரி ரசிகர்களில் பாதிப் பேர் திட்டுகிறார்கள், மீதிப் பேர் யாருக்கும் தெரியாமல் வாங்குகிறார்கள். அக்கா இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகச் சேர்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

அந்த இரண்டாம் பாதியை அழித்தாயிற்று. அழிக்கும் முன் அக்காவின் குரலை மட்டும் நீக்கிவிட்டு, அடியில் இருந்த என் பாட்டைக் கேட்டேன். யார் பின்னாலும் உட்காராமல் நான் பாடி, நானே கேட்டது இதுதான் முதல் தடவை. நீள வரியின் முடிவில் கொஞ்சம் சுருதி இறங்குகிறது. மற்றபடி மோசமில்லை, அத்தான்.

அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வாலு