எட்டரை அடி ஷெல்ஃப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள், மணி பன்னிரண்டு ஆகப் போகிறது, அப்பா தூங்கிவிட்டார், கையெழுத்தும் கோணல்மாணலாகத்தான் வரும். இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்றால் எனக்குப் பாதிக் கவலை குறையும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

ஒரு வருட டீச்சர் வேலைக்கு என்று நீ கிளம்பிய வாரம் நாம் சேர்ந்து ஒரு ஆன்லைன் போர்டு ஆரம்பித்தோமே, பிடித்த படங்களை ரெண்டு பேரும் சேர்த்து வைக்கலாம், வகுப்பறை, சமையலறை, வீடு என்று மூன்று பிரிவு போதும் என்று, அதுதான் இப்போது நான் உன் முகம் பார்க்கிற இடம். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதைத்தான் திறக்கிறேன். புதுப் படம் ஒன்று வந்திருந்தால் நீ எழுந்துவிட்டாய் என்று நிம்மதி, ரெண்டு நாள் ஒன்றும் வராவிட்டால் காய்ச்சலோ என்னவோ என்று அதையே திறந்து திறந்து பார்க்கிறேன். வகுப்பறைப் பிரிவில் அறுபது படம் சேர்த்திருக்கிறாய், அத்தனையும் செய்ய உனக்குப் பத்துக் கை வேண்டும், ஒன்றை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு. கதைப்புத்தகம் போட்டு வைக்கும் அந்தத் துணிப்பை வரிசை எனக்கும் பிடித்தது, அதைக் கடையில் வாங்காதே, பழைய போர்வையில் நானே தைத்து அனுப்புகிறேன். ஆனால் மாட்டுவதற்கு முன் முட்டி போட்டு உட்கார்ந்து ஒருதடவை பார், படத்தில் அது பெரியவர்கள் கண்ணுக்கு நேராக இருக்கிறது, உன் பிள்ளைகளுக்கு எட்டாது. சமையலறையில் நான் பட்டதை நீயும் படாதே. எல்லாச் சாமானையும் ஒரே மாதிரிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு அடுப்புக்கு மேலே அடுக்கினேன், படத்தில் அப்படி மின்னியது. பத்தே நாளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி உள்ளே மிளகா சீரகமா என்றே தெரியவில்லை, இந்தப் படம் எடுத்தவங்க வீட்டில் அடுப்பே பற்றவைக்க மாட்டாங்க போல என்றார் அப்பா. இப்போது பாட்டில்கள் கீழ் அலமாரியில் இருக்கின்றன, மூடிமேல் பெயர் ஒட்டியிருக்கிறேன்.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். வீடு என்ற பிரிவில் போன மாதம் நீ வரிசையாகப் படம் சேர்த்தாய், இளம்பச்சைச் சுவர், ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஒரு ஷெல்ஃப், பக்கத்தில் எழுத ஒரு மேசை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வருடம் முடிந்து பொண்ணு வரப்போகிறாள், தன் அறையை இப்படித்தான் கேட்கிறாள் என்று நானாக முடிவு கட்டி, உன்னிடம் மூச்சு விடாமல் சுவருக்கு அதே பச்சையை அடிக்கவைத்தேன், ஷெல்ஃபுக்கு மரமும் வாங்கியாகிவிட்டது. இன்று காலை நம் அலமாரி செய்த தச்சர் வந்தார். ஷெல்ஃப் படத்துக்கு அடியில் நீ குறித்திருந்த எட்டரை அடியைக் காட்டினேன். டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சுவர் பதினோரு அடி இருக்கேம்மா, ஜன்னலும் இந்தப் பக்கம் இல்லையே, பாப்பா எந்த ரூமை அளந்துச்சு என்று கேட்டார். அவளுக்குக் கணக்கு எப்பவுமே அப்படித்தான் என்று சிரித்து வைத்தேன். கணக்கு டீச்சரைப் பற்றி அம்மாவே இப்படிச் சொல்கிறாளே என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் போன பிறகு ஒவ்வொரு படமாகத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் அளவு எழுதியிருக்கிறாய், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை, நான்தான் அந்த ஷெல்ஃப் அளவைத் தவிர இத்தனை நாளும் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். அது நீ அங்கே வாடகைக்கு இருக்கும் அறை. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பப் போகிறவள் ஒரு அறையை இப்படி அளக்க மாட்டாள். இன்னும் மூன்று வருடம் அங்கேயே வேலை பார்க்கப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாயே, என்ன முடிவு என்று கேட்டதற்குப் பார்க்கலாம்மா என்றாயே, போட்டுவிட்டாயா கண்ணு? நானே படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் அங்கே எழுதி வைத்தாயோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. போனில் கேட்டால் என் குரல் கம்மிவிடும், உடனே நீ எனக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொல்லிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது, உன்னை மடியில் போட்டுக்கொண்டுதான் கல்லூரிப் பரீட்சைக்குப் படித்தேன், நீ இல்லாமல் பெரியவளாக இருந்த பழக்கமே எனக்கு இல்லை. சாயங்காலம் அந்த அறையில் போய் உட்கார்ந்தால் பெயிண்ட் வாசனைதான் வருகிறது, உன் வாசனை போய்விட்டது.

தச்சரைப் பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன், அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நல்ல மரம், ஒருதடவை அறுத்துவிட்டால் ஒட்ட முடியாது. எட்டரை அடி என்றால் செய்து பார்சல் லாரியில் போட்டுவிடுகிறேன், கடையில் விற்கிற மலிவு ஷெல்ஃபை வாங்கி மாட்டாதே, புத்தகக் கனத்துக்கு வளைந்துவிடும். பதினோரு அடி என்றால் இங்கேயே மாட்டிவிடுகிறேன். எதைச் சொன்னாலும் அழமாட்டேன் என்று எழுத ஆசைதான், எழுதினால் நீ நம்பமாட்டாய். எனக்காக மாற்றிச் சொல்லாதே, அது மட்டும் வேண்டாம்.

நீ எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து, உடம்பு நோகாமல் இருக்க வேண்டும். ராத்திரி தாழ்ப்பாளை ரெண்டு தடவை பார்த்துவிட்டுப் படு. வேறு ஒன்றும் எழுத வராவிட்டால் அளவை மட்டும் எழுது, போதும். சீக்கிரம் பதில் போடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா