பாதியில் நிறுத்திய மாத்திரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அம்மாவைப் பற்றி அப்படி ஒரே வரியில் எழுத இந்தத் தடவை கை வரவில்லை. தினமும் போனில் பேசும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அதோடு இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

அம்மா சேர்ந்திருந்த அந்தப் புது இதய மாத்திரைச் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்றதும் நீ கொதித்துப் போனாய், ரெண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் மாசம் கைவிட்டால் அது ஏமாற்று வேலை என்றாய். இல்லையம்மா. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத, பார்வைக்கு அதே மாதிரி மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. வெளியாட்கள் குழு ஒன்று மட்டும் அவ்வப்போது எல்லாரும் வீட்டில் தினமும் எழுதும் குறிப்பை மாத்திரை வாரியாகப் பிரித்துப் பார்க்கும். மருந்து பிரமாதமாக வேலை செய்தாலும் நிறுத்துவார்கள், மற்றவர்களைக் காக்க வைக்கக் கூடாதே. மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் மயங்கி விழ ஆரம்பித்தாலும் நிறுத்துவார்கள். இதில் விழுந்தார்கள். அம்மா சாப்பிட்டது நிஜ மாத்திரைதான் என்று இப்போது சொல்லிவிட்டார்கள். நிறுத்தியதால்தான் அவள் இன்றைக்கு எழுந்து நடமாடி, நான் போடும் காபியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இனிமேல்தான். அம்மாவுக்குக் கை நடுக்கம் என்பதால் அந்தக் குறிப்பு நோட்டைத் தினமும் எழுதியது நான். மயக்கம் வந்ததா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. குளியலறை வாசலில் முதல் தடவை விழுந்தபோது, கண் திறந்ததும் அவள் சொன்னது, "எழுதிடாதீங்க, வெளிய அனுப்பிடுவாங்க" என்பதுதான். அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்த மாத்திரை. நான் மயக்கம் இல்லை என்று எழுதினேன். அப்புறம் மூன்று தடவை விழுந்தாள், மூன்று தடவையும் இல்லை என்றே எழுதினேன். குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் தொட்டி அளவை ஒரு அங்குலம் பிசகாமல் எழுதிய கை இது. போன வாரம் மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நர்ஸ் சாதாரணமாகத்தான் சொன்னார், "மயக்கம்னு அஞ்சு பேர்தான் சார் எழுதியிருந்தாங்க. இன்னும் ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தா முன்னாடியே நிறுத்தியிருப்பாங்க." அந்தத் தையல்காரம்மாவைப் பற்றி அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், இதே சோதனையில் இருந்தவர், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அம்மாவின் அறுந்த கைப்பை வாரைத் தைத்துக் கொடுத்தவர். சோதனை நிற்பதற்கு மூன்று வாரம் முன்னால் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்தம்மா சாவில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். அவர் திட்டவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதே மருந்தை வேறு நோய்க்குக் கொடுத்துப் பார்க்கும் யோசனை இருக்கிறதாம், அதனால் அம்மா விழுந்த தேதிகளை இப்போதாவது சரியாகக் கொடுங்கள் என்றார். எனக்கு ஒரு தேதியும் ஞாபகம் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

அது உன்னிடம் இருக்கிறது கண்ணு. அவள் விழுந்த அன்றெல்லாம் போனை எடுத்தது நான்தான். தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று உன்னிடமும் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள். மற்ற நாளெல்லாம் பேசுவது அம்மா, அரைமணி நேரம் ஆகும், நான் என்றால் சாப்பிட்டாயா என்று கேட்டு ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவேன். உன் போனில் அந்த ரெண்டு நிமிஷ நாட்களைத் தேடிப் பார்.

பேத்திக்கு என் முத்தம். மூவரும் நோய்நொடி இல்லாமல், மனசு கோணாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். தேதிகளை மறக்காமல் அனுப்பு. நான் டாக்டரிடம் நான்கு தடவை விழுந்தாள் என்று சொல்லியிருக்கிறேன். உன் போனில் ஐந்து இருந்தால் ஐந்தையும் எழுது, என்னை நம்பாதே.

என்றும் உன்,
அப்பா