ஜெசிந்தாவின் ஒப்பந்தம்

2008 மே 9, வெள்ளி

பாரிசவாதம் வந்த என் கணவரைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும் ஜெசிந்தாவின் வேலை அனுமதி விண்ணப்பம் இன்று திரும்பி வந்தது. இந்த மாதம் இங்கே கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குறைந்தபட்சச் சம்பளம் கூடிவிட்டது. நான் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் பழைய சம்பளம்தான் இருக்கிறது. திருத்தி அனுப்பாவிட்டால் அனுமதி கிடையாது. அவள் மன்னாருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் பயந்துபோனாள்.

"அக்கா, கடதாசியில கூட்டி எழுதுங்கோ. கையில பழையதையே தாங்கோ. எனக்கு அது காணும்."

ஒரு கணம் எனக்கும் அந்த ஆசை வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இவர் இப்போது கதைப்பதே அபூர்வம். கட்டிலில் இருந்தபடி, "வேண்டாம்," என்றார். பிறகு மூச்சு வாங்கி, "அவளுக்கு உரியதைக் குடு," என்றார்.

புதுச் சம்பளத்தையே எழுதிக் கையெழுத்து வைத்தேன். தையல் பக்டரியில் இனிச் சனிக்கிழமையும் நிற்கவேணும். பரவாயில்லை.

ஜெசிந்தா அழுதுகொண்டே இவருக்குச் சூப் பருக்கினாள். இவர் இடது கையைத் தூக்கி அவள் கண்ணைத் துடைக்கப் பார்த்தார். கை எட்டவில்லை. அவள் குனிந்து முகத்தைக் கொடுத்தாள்.