காலை ஐந்தரைக்குத் திறக்கும் காப்பகம்

சேசு மரி சூசை துணை

தஞ்சாவூர்,
அக்டோபர் 19, ஞாயிறு

அன்பு மகன் அருள்பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகள் எல்சியும் அந்த ஆக்லாந்து மழையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, எல்லாம் நல்ல சேதிதான். மூன்று வாரமாக நான் உன் போனை எடுக்கவில்லை, தப்பு என் மேல்தான். கோபம் நாலு நாளில் போய்விட்டது, மீதி நாளெல்லாம் வெட்கம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

வயல் வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நம் காப்பகத்தைத் தொடரலாமா மூடலாமா என்று நன்கொடை தருகிறவர்கள் டிசம்பரில் முடிவு செய்வதாகவும், அதற்குள் வெளியாள் ஒருவர் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றும் எழுதியபோது, நீதானே சென்னையில் தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தாய். அங்கிருந்து மீனா என்கிற பெண் வந்தாள், எல்சி வயதுதான் இருக்கும். வந்ததும் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள், முப்பத்திரண்டு பேர். பிள்ளைகளை எண்ணினாள், பதினொன்று. காய்ச்சல் சீசன் என்றேன், நடவு நேரம் என்றேன். அவள், எத்தன மணிக்குத் தொறப்பீங்கம்மா என்று மட்டும் கேட்டாள். ஒன்பது மணி என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன், ஒருநாள்கூடத் தாமதித்ததில்லையே.

மறுநாள் விடியும்போதே அவள் வயலுக்குப் போய்விட்டாள். மதியம் சுடிதாரெல்லாம் சேறாகத் திரும்பி வந்து, காப்பகம் நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா நீங்க தொறக்கும்போது அம்மாக்காரங்க நாத்து பறிச்சு முடிச்சு நடவுல எறங்கிடறாங்க என்றாள். எனக்கு வந்ததே கோபம்! இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து, ஆறு வருஷமாக இதை நடத்துகிறவளுக்கு, நேற்று வந்தவள் சொல்வதா என்று நன்றாகவே கேட்டுவிட்டேன். அவள் சுடிதார்ச் சேற்றைத் துடைத்துக்கொண்டே, எங்கம்மா நாகப்பட்டினத்துல விடியறதுக்கு முன்னாடியே மீன் ஏலத்துக்குப் போயிடும், நான் பக்கத்து வீட்டு வாசல்ல வளந்த புள்ளம்மா என்று மட்டும் சொன்னாள். அது அப்போது என் காதில் ஏறவில்லை. உடனே உனக்குப் போன் போட்டுக் கத்தியது உனக்கே தெரியும்.

நாலாம் நாள் மனசு கேட்கவில்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே வாய்க்கால் கரையோரம் நடந்தேன். நடவுக்கு வருகிற ஞானாம்பாளின் எட்டு மாதக் குழந்தை வரப்பில் விரித்த சாக்கில், ஒரு குடைக்கு அடியில் கிடந்தது. காலெல்லாம் எறும்பு கடித்துத் தடித்திருந்தது. தூக்கிக்கொண்டு, ஏண்டி, பேர் குடுத்தியே, கொண்டுவந்து விட்டா என்ன என்று அதட்டினேன். அவள் சேற்றில் நின்றபடியே சொன்னாள், நீங்க தொறக்குற நேரத்துல கரையேறி வந்தா நடவு ஆளுங்க கொத்துல சேக்க மாட்டாங்க நர்ஸம்மா, நீங்க வீடு தேடி வந்து கேட்டீங்க, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் பேர் குடுத்தேன் என்று. அருள், என் மனசு நோகக் கூடாது என்று இருபது தாய்மார்கள் பேர் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தக் குழந்தையை இறக்கிவிட மனசே வரவில்லை, அன்று அப்படியே காப்பகத்துக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

அன்றைக்கே நானே, சென்னைக்குத் திரும்பியிருந்த மீனாவைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வந்தாள். அந்தப் பெண்களையே உட்கார வைத்து நேரத்தைக் கேட்டோம், காலை ஐந்தரையிலிருந்து இரண்டு மணிவரை என்று முடிவானது. ஆயாக்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு முறை போட்டுக்கொண்டார்கள். சாவி இப்போது அப்பாவிடம். உன் பள்ளிக்கூட நாட்களில்கூட ஏழு மணிக்கு எழுந்திருக்காத மனுஷன் ஐந்து மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரே வாரத்தில் இருபத்தொன்பது பிள்ளைகள்! பால் போதாமல் இரண்டாவது தடவை ஆள் அனுப்பினோம். மீனா தன் அறிக்கையில் பதினொன்றையும் மறைக்கவில்லை, இருபத்தொன்பதையும் விடவில்லை. அதைப் படித்துவிட்டு நன்கொடை தருகிறவர்கள், டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம், தொடர்ந்து நடத்துங்கள் என்று போன வாரம் எழுதிவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்பில் வேலை செய்யும் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தும் ஒரு சங்கம் மீனாவைக் கூப்பிட்டிருக்கிறது, அங்கேயும் பேர் நிறைய, ஆள் குறைவு. நீங்களும் வாங்கம்மா என்கிறாள். எனக்கு இங்கிலீஷில் அறிக்கையெல்லாம் வராது என்றேன். அத நான் எழுதிக்கிறேன், நான் சொன்னா அவங்களுக்குக் கோபம் வரும், அப்ப நீங்க கோவிச்சுக்கிட்ட கதையச் சொல்லுங்க, அது போதும் என்றாள். அப்பா அதிலிருந்து என்னை ஆலோசகரம்மா என்றுதான் கூப்பிடுகிறார், காபி கேட்கும்போதுகூட.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, எல்சியின் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல், தைலம் அனுப்பியிருக்கிறேன். மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டுக்கோட்டையில் இருப்பேன், உங்களுக்கு அது சாயங்காலம். மறக்காமல் எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுங்கள். அறுபத்து மூன்று வயதில் புது வேலைக்கு முதல் நாள் போகிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
கு. செபஸ்தியம்மாள்