பிளக்கைப் பிடுங்காத ரூட்டர்

வியாழன், இரவு.

கரண்ட் இல்லாத நேரத்தில், மரத்தில் காடிப் பள்ளம் எடுக்கும் ரூட்டர் மெஷினின் வெட்டும் பிட்டை மாற்றினேன். பிளக்கைப் பிடுங்கவில்லை, சுவிட்சையும் அணைக்கவில்லை. ஸ்பானர் நட்டில் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. ஸ்பானர் பறந்து, கூட வேலை செய்யும் யூசுப்பின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"இன்னா மாமு, பிளக்கு புடுங்கலியா?"

"புடுங்கிட்டுதான் மாத்தினேன்," என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ நான்தான் தெரியாம சொருகிட்டேன் போலகீது. உன் கை போயிருந்தா?"

திருவொற்றியூர் பட்டறையைப் பூட்டும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். சற்று முன் போன் செய்தான். "கை நல்லாகீதா மாமு?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"காது இன்னும் எரியுது," என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தான். நாளை வேலைக்கு வருவானா, தெரியவில்லை.