மணி அடிக்காத ஞாயிறு

பூஞ்சார்

அன்பு மோள் ஜின்ஸிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இப்படித் தொடங்குவது வழக்கம் என்பதால் எழுதிவிட்டேன், உள்ளுக்குள் எனக்குச் சுகமில்லை. போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேன், இதை நீ பாதியில் துண்டிக்க முடியாது பார்.

உன்னைப் பெற்ற அப்பச்சனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், நீ எப்போது வருவாய் என்று தெரிந்தால்தான் நாள் குறிப்பேன் என்று அவர் முரண்டு பிடிப்பதும் உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவர் அதைக் கேட்கும்போதுதான் உன் முகம் உறைந்து நிற்கும், அழைப்பு போய்விடும், உங்க ரூட்டர் சரியில்ல அப்பச்சா என்று செய்தி வரும். இந்த மலையில் வீடு வீடாக நெட் கொடுத்துப் பிழைக்கிற மனுஷனிடம் இதைச் சொன்னாயே! அவரும் நம்பினார். ரூட்டரை மாற்றினார், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மழையில் லைன் போஸ்ட்டில் ஏறினார். நான் கத்தினால், மோள் பேச்சே அறுந்து போவுது, நீ சும்மா இருடி என்பார். நீ கூப்பிடும் முன், கனெக்‌ஷன் வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில், மன்னிக்கணும், மெயின் ரூட்டரை ஒருக்கா அணைச்சுப் போடுறேன், கொஞ்ச நேரம் நெட் போகும், மோள் கூப்பிடுற நேரம் என்று குரல் செய்தி போடுவார். எல்லாவற்றுக்கும் சண்டைக்கு வருகிற இந்த ஊர் அதற்கு மட்டும் வாயைத் திறந்ததில்லை. கீழ்வீட்டுக் குட்டியம்மா மட்டும், சேட்டா, எங்க வீட்ல நல்லாத்தானே ஓடுது என்று சிரித்தாள்.

லைன் அறுந்தாலோ ரூட்டர் தானாக நின்று எழுந்தாலோ தன் போனில் மணி அடிக்கும்படி இப்போது ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார். போன ஞாயிறு வழக்கம்போல் உன் முகம் உறைந்தது. மணி அடிக்கவில்லை. உன் கையிலிருந்த தேநீரில் ஆவி மட்டும் எழும்பிக்கொண்டே இருந்தது மோளே. அப்புறம்தான் அழைப்பு போனது, உங்க ரூட்டர்தான் என்று செய்தியும் வந்தது. அப்பச்சன் மணி ஏற்பாடு ஓடுகிறதா என்று போனில் சரிபார்த்தார். பிறகு, "வர முடியலைன்னா முடியலைன்னு சொல்லட்டுமேடி, என் லைன்மேல ஏன் பழி போடணும்?" என்றார். நீ எங்களை ஏமாற்றிவிட்டாய். பெற்றவளாக இருந்தும் இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றே குழுவில், லைன்ல கோளாறு ஒண்ணும் இல்ல, இனி ஞாயித்துக்கிழமை அணைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஊருக்கே புரிந்துவிட்டது. குட்டியம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணம் மீன் கறி வைத்துவிட்டுப் போனாள்.

வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல், நான் அவரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபமாலையை விடாதே. மாதா உனக்குத் துணையிருக்கட்டும். ஒன்று மறக்காதே, உன் எண்ணையும் அந்தக் குழுவில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். லைன் போவதாக இருந்தால் இனி உனக்கும் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அது வராத ஞாயிறுகளில் எங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.

உன் அம்மா,
அன்னக்குட்டி